எங்க ஆத்துப் புள்ள இல்ல

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ரொம்பத் தூரத்துல, பனி கொட்டுற ஊரு. கையை வெச்சா விரல் மரத்துப்போகும், அவ்வளவு சில்லுனு தண்ணி. அதுல கிரேலிங்னு ஒரு மீன். முதுகுத் துடுப்பை விரிச்சா மயில் தோகைதான். கிட்டப் போனா ஓமத்தண்ணி வாசம். அதுல ஒருத்தி பேரு தோகைச்சி.

எத்தனையோ முட்டை இட்டா, பொழைச்சது ஒரே குஞ்சு. ஒருநாள் பனிக்கட்டி மடார் மடார்னு உடைஞ்சு, வெள்ளம் தபதபன்னு வந்து குஞ்சை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. "சாமி, எம்புள்ள மூச்சோட இருந்தா போதும்"னு வேண்டிக்கிட்டு, சளக் சளக்னு பின்னாலயே நீந்தினா.

கேக்குறியா? ம்.

அந்த ஆறு இன்னொரு ஆத்துல போய்ச் சேருது. அங்கயும் கிரேலிங்தான், ஆனா கன்னங்கரேல்னு இருக்குது.

"எம்புள்ள இந்தப் பக்கம் வந்தானா அக்கா?"

"ஒண்ணு வந்துச்சு. கருப்பா இல்ல. எங்க ஆத்துப் புள்ள இல்லைன்னு அனுப்பிட்டோம்."

அப்புறம் ரெண்டாவது ஆறு. அங்க இருக்கிறதும் கிரேலிங்தான், ஆனா ஒவ்வொண்ணும் ஆட்டுக்குட்டி கனம். சுண்டெலியையே லபக்குனு முழுங்கும். தோகைச்சி எட்டவே நின்னுக்கிட்டா. ஆனாலும் கேட்டா.

"அந்தப் பொடியனா? வாய் இத்துனூண்டு. எங்க ஆத்துப் புள்ளையா அது? முழுங்கினா பல்லுக்குக் கூட காணாதுன்னு விட்டுட்டேன், போ."

அப்புறம் மூணாவது ஆறு. அங்க எல்லாருக்கும் வால் மஞ்சள் பூசினாப்புல இருக்குது.

"வால்ல மஞ்சளே இல்லம்மா. நீ யாருடான்னு கேட்டா தெரியலங்குது. மூணு நாளா அதோ அந்தக் கல்லுக்கடியில படுத்திருக்கு. ஈ குடுத்தாலும் திங்க வாயே திறக்கல."

தூங்கிட்டியா? ம்... முழிச்சிருக்கே.

அப்போ தோகைச்சி மெதுவாக் கல்லுக்கடியில போனா. குஞ்சு தலையைத் தூக்கல.

"நான் கருப்பு இல்ல. வாய் பெருசு இல்ல. வால்ல மஞ்சள் இல்ல. நீங்களும் போகத்தான் சொல்லுவீங்களா?"

"இல்லடா கண்ணு. நீ என்னவெல்லாம் இல்லையோ, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மா இவ்வளவு தூரம் வந்தேன்."

தோகையை முழுசா விரிச்சு அது மேல போர்த்திவிட்டா. மஞ்சள் வால்காரி ஒரு ஈயைக் கவ்விக்கிட்டு வந்து, "இப்பவாச்சும் சாப்பிடுறானா பாரு"ன்னு வெச்சுட்டு, சத்தமில்லாமப் போனா. குஞ்சு பாதி தின்னுச்சு. மீதி வாயில இருக்கும்போதே தூங்கிடுச்சு.

அதுக்கப்புறம் ஆறும் பேசல, நானும் பேசல. கண்ணை மூடு, என் தங்கம்.