ஆடாத கை

"குருவம்மா, நாளைக்கு என்னை முன்னாடி நிக்க வைக்காதீங்க. நான் ஊருக்கே போயிடுறேன்."

அறை வாசலில் நின்றபடியே சொன்னான் மருதப்பன்.

குருவம்மா உலகம்மை வயதில் அவனுக்கு இளையவள். ஆற்றங்கரை மடத்தில் மூச்சுப் பயிற்சி என்று ஒன்றை உண்டாக்கி, ஊர் ஊராக ஆட்களை வரவழைத்தவள் அவள்தான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். விலா எழும்பித் தாழ்வதைக் கை கவனிக்க வேண்டும். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் கையை எடுத்து முன்னால் நீட்ட வேண்டும்.

நீட்டிய கை ஆடக் கூடாது. ஆடாத கைதான் தேறிய கை என்பது மடத்துப் பேச்சு.

நீட்டிக் காட்டுவது எப்போதும் சீடர்களில் ஒருவர். குருவம்மா கையை வெளியே எடுக்கவே மாட்டாள். ஏன் என்று கேட்டால், சீடர்களிடம் காரணத்துக்கா பஞ்சம்? நெஞ்சுச் சூட்டைக் கட்டுகிறாள் என்றார் ஒருவர். தேறியவளுக்குக் காட்ட என்ன இருக்கிறது என்றார் இன்னொருவர். அவள் தனியாகச் சாப்பிடுவதைக்கூட விரதக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், பாவிகள்.

நாளைக்கு, புதிதாக வருகிறவர்கள் முன்னால் நீட்டிக் காட்டும் முறை மருதப்பனுக்கு.

அவன் கையோ சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைச் சிந்தும். மகளைப் பறிகொடுத்த பிறகு வந்த நடுக்கம். கடைசி வரிசையில் நின்று இதுவரை ஒப்பேற்றிவிட்டான். தெரிந்தால் மடத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஊருக்குப் போனாலும் அங்கே அவனுக்கென்று யாரும் கிடையாது.

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து, ஏமாற்றியதற்கு மன்னிப்பும் கேட்டான்.

"இங்க வந்து தூக்கம் வருதாண்ணே?"

"அது மட்டும் வருதும்மா."

கதவைச் சாத்தச் சொன்னாள். வெள்ளத்தில் வீடும் வீட்டுக்காரரும் போனதைச் சொன்னாள். பேய் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் கோடாங்கியிடம் இழுத்துப்போவார்களோ என்ற பயத்தில், யார் எதிரே வந்தாலும் கையை அக்குளில் ஒளித்துக்கொண்டு நின்றாளாம். அப்போதுதான் விலா எழும்புவது கைக்குத் தெரிந்ததாம். அதையே பிடித்துக்கொண்டாளாம். பார்த்தவர்கள் பக்கத்தில் வந்து அதேபோல் நின்றார்களாம்.

"எதுக்கும்மா கையை ஒளிச்சீங்க?"

அவள் கைகளை வெளியே எடுத்தாள்.

இரண்டும் நடுங்கின. அவன் கையைவிட மோசமாக.

"நாளைக்கு உங்க பக்கத்துல நின்னு நானும் நீட்டுறேன்."

மருதப்பன் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"வேண்டாம்மா. இத்தனை வருஷமா உங்களுக்கே சரியாகலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடுமே."

"சரியாகியிருந்தா, தெனமும் விடியக்காலையில எந்திரிச்சு நான் எதுக்குண்ணே இதைச் செய்யப்போறேன்?"