மூவேந்தர் பந்தல் ஸ்டோரின் ஐரோப்பியப் பயணம்

எங்கள் வத்தலக்குண்டில் கல்யாணமோ காதுகுத்தோ, எதுவானாலும் பந்தல் போடுவது மூவேந்தர் பந்தல் ஸ்டோர்தான். முதலாளிகள் மூன்று பேர்: வீரணன், சிக்கந்தர், தொம்மை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு தடவை "வாசலை அடைச்சுப் பந்தல் போட்டுருங்கப்பா" என்று சொன்ன வீட்டில் மாப்பிள்ளை ஜன்னல் வழியாக ஏறி வந்து தாலி கட்டினார் என்பது உண்மைதான். ஆனால் பந்தல் பிரமாதம் என்று அந்த மாப்பிள்ளையே கைகால் சிராய்ப்போடு சொன்னார்.

வீரணனுடைய தங்கை மலர்க்கொடியை ஜெர்மனியில் கொலோன் என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. போனதிலிருந்து அவளால் ஊர்ப்பக்கம் வர முடியவில்லை. லீவு கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று தட்டிப்போகும். ஒருநாள் போனில், "உன் முகத்தை நேர்ல பார்க்கணும் போல இருக்குண்ணே" என்று அழுதுவிட்டாள். வீரணனும் அழுதார். பக்கத்தில் இருந்ததால் மற்ற இருவரும் அழுதார்கள்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. பந்தல்காரனுக்கு அப்போதுதான் ஓய்வு. "போயிருவோம். போறதுதான் போறோம், வழியில நாலு நாட்டையும் பார்த்துட்டுப் போவோம்" என்று முடிவானது. சிக்கந்தர் தன் மகளின் பூகோளப் படப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"பாரிஸ்ல இறங்குறோம். அங்கிருந்து பெல்ஜியம் ஒரு விரல்கடை. அப்புறம் நெதர்லாந்து ஒரு விரல்கடை. அதுக்கப்புறம் ஜெர்மனி."

"யார் விரல்?" என்று கேட்டார் வீரணன்.

மூவரும் விரலை வைத்துப் பார்த்தார்கள். தொம்மையின் விரல் மற்றவர்கள் விரலைப்போல ஒன்றரை மடங்கு. அவர் விரலை வைத்ததும் பெல்ஜியமே காணாமல் போய்விட்டது.

"தொம்மை முன்னாடி நடக்கட்டும். சீக்கிரம் போய்ச் சேர்ந்திரலாம்" என்றார் சிக்கந்தர்.

அடுத்த நாள் மதுரைக்குப் போய் ஒரு டிராவல்ஸில் விசாரித்தார்கள். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி. "ஐயா, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா அலைய வேண்டாம். ஒரே விசா போதும், எல்லா நாட்டையும் சுத்திப் பார்க்கலாம்" என்றாள்.

மூவரும் எழுந்து வெளியே போய்க் கலந்து பேசினார்கள்.

"ஒண்ணு போதுங்குது அந்தப் பொண்ணு. அப்ப யாரு பேர்ல எடுக்குறது?"

"உன் பேர்ல எடு மாப்ள. உன் தங்கச்சிதானே."

"இல்ல, சிக்கந்தர் பேர்ல எடுப்போம். உயரமான ஆளு. ஆபீசருக்குத் தூரத்துல இருந்தே தெரியும்."

உள்ளே வந்து சொன்னார்கள். அந்தப் பெண் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க எதுக்கும் வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

வீட்டில் கேட்பது என்றால் மலரைத்தான் கேட்க வேண்டும். அண்ணன் வருகிறான் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விசாவைப் பற்றி இவர்கள் வாய் திறப்பதற்குள் அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"அண்ணே, இங்க குளிர் தாங்காது. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா உடுத்திக்கங்க. சுமையைக் கூட்டாதீங்க, ஒரே ஒரு பைதான், முதுகுல மாட்டுற பை. மூணு பேரும் சேர்ந்தே இருங்க, பிரிஞ்சிராதீங்க. வெளியில நிக்காதீங்க, நின்னா விறைச்சிரும், நடந்துக்கிட்டே இருங்க. எல்லையில யாரும் நிறுத்த மாட்டாங்க. ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு எப்ப வந்தோம்னே தெரியாது. முதல்ல கொடைக்கானல் போய்க் குளிரைப் பழகிட்டு வாங்க."

வீரணன் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார்.

முதலில் வெங்காயம். "பல்லாரியா, சின்ன வெங்காயமா, அதைச் சொல்லலையே?" என்று கவலைப்பட்டார் தொம்மை. சின்ன வெங்காயத்தில் அடுக்கு குறைவு, குளிரும் என்பதால் பல்லாரியே தேர்வானது. ஒன்றை வாங்கி வந்து உரித்துப் பார்த்தார்கள். உள்ளே கனமான அடுக்கு, வெளியே மெல்லிசான தோல். அதன்படி உடம்போடு கம்பளியைச் சுற்றி, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிசாகப் பனியன் என்று உடுத்திக்கொண்டார்கள். பனியனைத் தொம்மைக்கு மாட்டிவிட மற்ற இரண்டு பேரும் அவர்மேல் காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது.

"கண்ணு எரியுதுடா" என்றார் தொம்மை.

"அப்ப சரியாத்தான் உடுத்தியிருக்கோம்" என்றார் சிக்கந்தர்.

அடுத்தது பை. ஒரே ஒரு பை, முதுகு மூன்று. பந்தல்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா? சிவப்பும் மஞ்சளுமான பழைய சாமியானாத் துணியை வெட்டி, நீளமாக ஒரே பையாகத் தைத்து, ஆறு வார் வைத்துவிட்டார்கள். மூவரும் வரிசையாகத் தோளோடு தோள் நின்று மாட்டிக்கொண்டார்கள். பிரிய வேண்டும் என்று நினைத்தாலும் பிரிய முடியாது. மலர் சொன்ன இரண்டு காரியம் ஒரே தையலில் முடிந்தது.

கொடைக்கானல் பஸ்ஸில் உட்கார முடியாமல் கடைசி வரை நின்றுகொண்டே போனார்கள். கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்தார். பையைப் பார்த்தார். "இதுல எவன் இறங்கினாலும் மூணு பேரும் இறங்கணும் போலயே" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

மேலே ஒரே மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. ஏரிக்கரை ரோட்டில் படகுத்துறைப் பக்கம் இறங்கினார்கள். நின்றால் விறைத்துவிடும் என்பதால் நடக்க ஆரம்பித்தார்கள். மூன்று பேர் சேர்ந்து நடந்தால் ரோடு அடைபட்டுப் போகும். பின்னால் வந்த குதிரைகள் பொறுமையாக வந்தன. குதிரைக்காரர்கள் அவ்வளவு பொறுமையாக இல்லை.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றித்தான் அந்த ரோடு போகிறது. நடந்துகொண்டே இருந்தால் கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். இது எல்லாருக்கும் தெரியும். பனியில் இவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு சுற்று முடிந்து மறுபடி படகுத்துறை வந்தது.

"மாப்ள, இதே மாதிரி ஒரு படகுத்துறையை முன்னாடியே பார்த்தோமே?" என்றார் தொம்மை.

"அது வேற. அதைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்றார் வீரணன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சைக்கிளில் வந்தார்கள். பனியன் போட்ட மூன்று பேரையும் பார்த்துச் சிரித்து, "போன்சூர்!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"மைசூர் மாதிரி போன்சூர்னு ஒரு ஊரு போல" என்றார் சிக்கந்தர். "வழி கேட்காமலே சொல்லிட்டுப் போறாங்க, நல்லவங்க." சொல்லிவிட்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. "வீரணா, மலர் என்ன சொன்னா? எப்ப வந்தோம்னே தெரியாதுன்னா. நீ எப்ப வந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியல."

"தொம்மை, உனக்கு?"

"சத்தியமாத் தெரியலப்பா."

"அப்ப வந்துட்டோம்டா! இது பிரான்சு!"

மூவரும் சிலையாகிவிட்டார்கள். பிறகு விறைத்துவிடும் என்ற பயத்தில் சிலையாக இருந்தபடியே நடந்தார்கள்.

"பிளேன்ல ஏறவே இல்லையே?" என்று தொம்மை மெதுவாகக் கேட்டார்.

"முதுகுல பையை மாட்டிக்கிட்டுப் போறவன் நடந்துதான் போவான்."

"விசா?"

"யாராவது கேட்டாங்களா? யாரும் நிறுத்த மாட்டாங்கன்னு மலர் சொன்ன மாதிரியே நடக்குது பாரு."

அடுத்த சுற்றில் பெல்ஜியம் வந்தது. அங்கேயும் ஒரு படகுத்துறை இருந்தது. அதையடுத்து நெதர்லாந்து. அங்கேயும் இருந்தது.

"எல்லா நாடும் அச்சா ஒரே மாதிரி இருக்கே" என்றார் தொம்மை.

"அதனாலதான் ஒரே விசா போதும்னாங்க" என்றார் சிக்கந்தர்.

ஒரு விஷயம் மட்டும் வீரணனுக்கு உறுத்தியது. ஒவ்வொரு நாட்டிலும் படகுத்துறைக்குப் பக்கத்தில் பச்சைச் சால்வை போர்த்திய ஓர் அம்மா சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். "இந்த அம்மாவைப் பிரான்சுலயும் பார்த்தோமேடா?"

"அக்கா தங்கச்சியா இருக்கும்" என்றார் தொம்மை. "நாட்டுக்கு ஒருத்தரா கட்டிக் கொடுத்திருக்காங்க. உன் தங்கச்சியை நீ கட்டிக் கொடுக்கலையா?"

அடுத்த சுற்று ஜெர்மனி. அங்கே சோளக்கார அம்மாவே வாய் திறந்தார். "என்னப்பா, இன்னும் சுத்திக்கிட்டா இருக்கீங்க?"

"பாரு, அக்காமாருங்க போன் போட்டுச் சொல்லியிருக்காங்க" என்று கிசுகிசுத்தார் சிக்கந்தர். ஜெர்மனியில் ஒரு தமிழச்சியைப் பார்த்ததில் வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, நீங்க இங்க வந்து ரொம்ப நாளாச்சா?"

"கட்டிக்கிட்டு வந்தது. முப்பது வருசம் இருக்கும்."

"ஊருக்குப் போறதுண்டா?"

"வாராவாரம் போவேன். மகளை வத்தலக்குண்டுலதான் கொடுத்திருக்கு."

வாராவாரம்! மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள். "எதுலம்மா போவீங்க?"

"பஸ்லதான். வேற எதுல போறது?"

வீரணன் உடனே தங்கைக்குப் போன் போட்டார். "மலரு! ஜெர்மனி வந்துட்டோம்!"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. "அண்ணே! நிஜமாவா! எங்க நிக்கிற? ஸ்டேஷனா? இரு, இரு, கோட்டைப் போட்டுட்டு ஓடி வர்றேன்!"

"ஏரிக்கரையிலம்மா. சோளக்கடை பக்கத்துல."

"அண்ணே, போனைப் பக்கத்துல யார்கிட்டயாவது கொடு."

அந்த அம்மா வாங்கிப் பேசினார். "கொடைக்கானல்மா. ஆமா, ஏரிதான். மூணு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. பனியன்தான் மேலாப்புல போட்டிருக்காங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, நீ கொடைக்கானல்ல இருக்க" என்றாள் மலர். குரல் உடைந்திருந்தது.

வீரணன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். மற்ற இருவரிடமும் தழுதழுத்துச் சொன்னார். "பாவம்டா. ஜெர்மனியில இருந்துக்கிட்டுக் கொடைக்கானல்ங்கறா. ஊரு நினைப்பு முத்திப்போச்சு. தான் இருக்கிற இடமே மறந்துபோச்சு பிள்ளைக்கு."

"நம்ம ஊருக்கே வரச் சொல்லு" என்றார் தொம்மை.

வீரணன் போனை எடுத்தார். "மலரு, நீ மனசைப் போட்டு அலட்டிக்காத. எப்படியாவது லீவைப் போட்டுட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு. உன்னைப் பார்க்காம எனக்கும் முடியலம்மா."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் கேட்டது. "சரிண்ணே. வேலையே போனாலும் சரி, நான் வர்றேன். நீங்க மூணு பேரும் அசையாம பஸ் ஏறி வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அசையாமல் பஸ் ஏறுவதற்கு ரொம்பச் சிரமப்பட்டார்கள். குதிரைக்காரர்கள்தான் தூக்கி ஏற்றிவிட்டார்கள். வண்டி, "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்த நேரடி பஸ். இதை வைத்துக்கொண்டு ஊர் உலகம் எதற்குப் பிளேனுக்கு அலைகிறது என்று இறங்கும்வரை மூவருக்கும் விளங்கவில்லை.

மலர் சொன்ன சொல் தவறவில்லை. பொங்கலுக்கு முன்னால் லீவு வாங்கி, பிளேன் ஏறி மதுரையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். எதிர்ப் பக்கம் கொடைக்கானல் பஸ் வந்து நிற்கும் இடத்தில் அண்ணனும் மற்ற இருவரும் மாலையோடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி, பின்னால் போய் நின்று, "அண்ணே!" என்றாள்.

வீரணன் திரும்பினார். தங்கையைப் பார்த்ததும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "மலரு! எளைச்சுப் போயிட்டியேம்மா! நல்ல நேரத்துக்கு வந்த. நில்லு, நில்லு. ஜெர்மனி பஸ் வர்ற நேரம். நீ இறங்கும்போது பெட்டி பிடிக்க ஆள் பத்தாதேன்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

மலர் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிற முகம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கடைசி ஆள்வரை தொம்மை எட்டி எட்டிப் பார்த்தார். சிக்கந்தர் உள்ளே ஏறி சீட்டுக்கு அடியில்கூடத் தேடிவிட்டு, வாடிய முகத்தோடு இறங்கி வந்தார்.

மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொம்மைக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அழாதத்தா. அடுத்த பஸ்ல கண்டிப்பா வந்துருவ."