திரைக்குப் பின்னால் ஒரு வளையல் கை

முன்னொரு காலத்தில் மஞ்சநாடு என்ற தேசத்தை முகுந்தராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவார், சாப்பிட்டு எழுந்ததும் மறந்துவிடுவார். அவர் மறக்காத சட்டம் ஒன்றே ஒன்று: யார் வீட்டை விற்றாலும் தலைமைத் தரகர் ஏகாம்பரம் மூலமாகத்தான் விற்க வேண்டும். தினமும் சபைக்கு வந்து ஏகாம்பரம் ஞாபகப்படுத்தினால் எப்படி மறக்கும்?

விலை பேசுவதெல்லாம் துண்டுக்கு அடியில்தான். ஏகாம்பரம் நடுவில் உட்காருவார். வாங்குகிறவர் கை ஒரு பக்கம், விற்கிறவர் கை மறுபக்கம். மேலே துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார். ஒரு விரல் என்றால் நூறு பொன். கடைசியில் இரண்டு கைகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு "படிந்தது!" என்று சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. பிறகு யாராலும் மாற்ற முடியாது. பணமும் அவர் வழியாகவே போகும். எத்தனை விரல் பிடித்தார் என்று வெளியே சொல்வது மரியாதை இல்லை என்று ஊரே நம்பியது. நம்பவைத்தது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அந்த ஊரில் வீராயி என்று ஒருத்தி அப்பளம் இட்டுப் பிழைத்தாள். அவள் புருஷன் மாசானம் கடற்கரைப் பட்டணத்தில் படகுத் தச்சன். அவன் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. "இங்கே ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஆவணி பிறக்கும்வரைதான் நமக்காக வைத்திருப்பார்கள். அங்கே இருக்கும் நம் வீட்டை விற்றுக்கொண்டு வந்து சேர்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

வீராயி சுண்ணாம்பைக் குழைத்துக் கதவிலேயே எழுதிவிட்டாள்: "இந்த வீடு விற்கப்படும். வீட்டுக்காரியிடமே பேசலாம். கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு. கூடத்தில் ஒரு இடத்தில் ஒழுகும்."

மறுநாளே ஏகாம்பரம் அவளைச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"மகாராஜா, தன் வீடு ஒழுகும் என்று தானே எழுதி வைத்திருக்கிறாள்! இவளுக்கெல்லாம் வீடு விற்கத் தெரியுமா?"

"ஒழுகுற வீட்டை ஒழுகுதுன்னுதானே சாமி எழுத முடியும்? என் வீட்டை விக்க இன்னொருத்தர் வாய் எனக்கு எதுக்கு? என் வாய் நல்லாத்தானே இருக்கு" என்றாள் வீராயி.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் அவர் கோபமாக இருப்பது என்று முடிவு செய்திருந்தார்.

"தரகரால் உனக்கு என்ன நஷ்டம்? மூன்று நாளைக்குள் என் கண்ணுக்குக் காட்டு. இல்லாவிட்டால் வீடு ஏகாம்பரத்துக்கு!"

வீடு போனால் எந்த முகத்தோடு பட்டணம் போவாள்? ஆனாலும் வீராயி விடவில்லை. "உங்க கண்ணுக்குத்தானே காட்டணும்? தனியா ஒரு வார்த்தை பேசணும் மகாராஜா" என்றாள். அவள் காதோரம் சொல்லச் சொல்ல ராஜாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் வீராயி ஏகாம்பரத்தின் வாசலில் நின்றாள். "தோத்துட்டேனுங்க ஐயா. உங்க மூலமாவே வித்தா வீட்டைப் பறிக்கமாட்டேன்னு ராஜா சொல்லிட்டாரு. நீங்களே முடிச்சுக் குடுங்க. வெளியூர் அம்மா ஒருத்தங்க வாங்க வந்திருக்காங்க. திரையை விட்டு வெளியே வரமாட்டாங்க, வாயும் திறக்கமாட்டாங்க."

வாய் திறக்காத ஆள்! ஏகாம்பரத்துக்குச் சர்க்கரை தின்ற மாதிரி இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீராயியின் கூடத்தில் திரை தொங்கியது. அதன் நடுவிலிருந்து மஞ்சள் பூசிய கை ஒன்று, கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு வெளியே நீண்டது. ஏகாம்பரம் துண்டைப் போட்டு அந்தக் கையைப் பிடித்தார்.

"அம்மாவுக்குக் கை கொஞ்சம் முரடா இருக்கே?"

"சொந்தமா மாவு இடிக்கிறவங்க" என்றாள் வீராயி. திரைக்குப் பின்னால் இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

அந்தக் கையின் ஐந்து விரலையும் பிடித்தார். கை சம்மதமாக அசைந்தது. மறு பக்கம் வீராயியின் கையில் இரண்டு விரலை மட்டும் பிடித்தார். அவள் கையை இழுத்தாள். "ஒழுகுற வீட்டுக்கு இதுவே அதிகம்" என்று ஏகாம்பரம் பல்லைக் கடித்தார். அவளும் போனால் போகிறது என்று தலையாட்டினாள்.

"படிந்தது!" என்று கூவினார் ஏகாம்பரம்.

வாய் மூடுவதற்குள் வீராயி துண்டை உருவிவிட்டாள். வலது கையில் ஐந்து விரல், இடது கையில் இரண்டு விரல். அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் ஏகாம்பரம். திரை விலகியது. மீசையும் வளையலுமாக முகுந்தராயர் எழுந்து நின்றார்.

"நடுவில் மூன்று விரலைக் காணோமே, ஏகாம்பரம்?"

தரகர் இரண்டு கைகளையும் சட்டென்று விட்டார். "அது... வழக்கம், மகாராஜா..."

"இனி அந்த வழக்கம் இல்லை. வீட்டுக்காரர்களே நேரில் பேசி, வாய்விட்டு விலை சொல்லி விற்றுக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு ராஜா கிளம்பப் பார்த்தார்.

வீராயி வாசலை மறித்தாள். "மகாராஜா, அஞ்சு விரலுக்கு இன்னும் பொன் வரலீங்களே."

"நான் சும்மா நடித்தேன்!"

"கை குடுத்தீங்க. படிஞ்சதுன்னும் சொல்லியாச்சு. உங்க சட்டந்தானே?"

"இந்த ஒழுகுகிற வீடு எனக்கு எதற்கு?"

"ஒழுகும்னு கதவுலேயே எழுதியிருந்தேனே!"

ராஜா விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஐந்நூறு பொன் அங்கேயே வந்தது. அவள் புத்திக்கு மேலும் நூறு. வாங்கிய வீட்டை வீடு விற்பவர்களுக்குச் சத்திரமாக்கினார். அங்கே வருகிறவர்களுக்கு ஏகாம்பரம் கூலி இல்லாமல் பத்திரம் எழுத வேண்டும்; அதுவும் அந்த ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து. வளையல்தான் ராஜாவின் கையை விட்டுக் கழல மறுத்தது. வீராயி அப்பள எண்ணெயைத் தடவிக் கழற்றிவிட்டாள்.

ஆவணிக்கு நான்கு நாள் இருக்கும்போதே பட்டணம் போய்ச் சேர்ந்தாள். மாசானம் உளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"யாரு முடிச்சுக் குடுத்தது, வீராயி?"

"யாரு முடிப்பா? நான்தான் வித்தேன். ராஜா வளையல் போட்டுக்கிட்டு வந்து வாங்கிக்கிட்டாரு."

"வெயில்ல ரொம்ப நடந்துட்டே போலிருக்கு" என்று அவன் ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்தான்.

அவன் கடைசிவரை நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.