பல்வலிக்கு ஒரு தலை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆவுடையான் கெட்டதும் வாயால்தான்.

செங்கோடராயன் என்று ஒரு ராஜா இருந்தார். விசுவாசிகளின் கதை என்றால் அவருக்கு உயிர். எஜமானுக்காகக் கையைக் கொடுத்தவன், கண்ணைக் கொடுத்தவன் என்று கேட்டுக் கேட்டு அழுவார். அடுத்தவன் விசுவாசம் யாருக்குத்தான் இனிக்காது? அந்தக் கதைகளைச் சொல்வதற்கென்றே சபையில் இருந்தவன் ஆவுடையான். தொப்பையையும் தொண்டையையும் தவிர வேறு ஆஸ்தி இல்லாதவன்.

அவன் சொல்வதிலேயே பேர்போனது மெய்க்காவலன் கதை. ராஜா நோயில் விழுகிறார். மெய்க்காவலன் கொற்றவை கோயிலுக்கு ஓடி, தன் தலையைத் தானே அரிந்து காணிக்கை வைக்கிறான். இந்த இடம் வந்ததும் செங்கோடராயன் விம்மி அழுது, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வீசுவார். சங்கிலி மடியில் விழுந்த பிறகு எவன் கதையைத் தொடர்வான்? ஆவுடையான் அங்கேயே மங்களம் பாடிவிடுவான்.

ஒரு நாள் சொன்ன வேகத்தில் அவனுக்கே கண்ணீர் முட்டிவிட்டது. மார்பில் அறைந்துகொண்டு, "என் ராஜாவுக்கு ஒரு பல்வலி வந்தாலும் போதும், கொற்றவைக்கு இந்தத் தலை!" என்று முழங்கினான். சபையே எழுந்து ஆர்ப்பரித்தது. அந்த நிமிஷம் அவன் அதை நம்பவும் செய்தான், அதுதான் கொடுமை.

அடுத்த வாரமே ராஜாவுக்குப் பல்வலி.

கடைவாய்ப் பல் ஆடியது. ஆனால் விழுவேனா என்றது. வைத்தியர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தால் ராஜா கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். அப்போதுதான் தளபதி மழவராயர் வாயைத் திறந்தார். போர்க்களத்தில் வெட்டுப்பட்டவர் அவர். சங்கிலி வாங்குவதோ கதை சொல்கிறவன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"குறடு எதுக்கு மகாராஜா? ஏற்கெனவே நேர்ந்துவிட்ட தலை ஒண்ணு இருக்கே!"

ஆவுடையானை அழைத்து வந்தார்கள். ராஜா சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் அவன் நினைத்தான். ராஜாவோ ஓடிவந்து கட்டிக்கொண்டார். "கதையிலதான் இப்படி ஆள் உண்டுன்னு நினைச்சேன். என் சபையிலேயே இருக்கியேடா!"

"மகாராஜா, அது ஒரு பேச்சுக்கு..."

"பாத்தீங்களா! உண்மையான விசுவாசி தன் பெருமையைத் தானே ஒத்துக்கமாட்டான்!"

சாமிக்குச் சொன்ன சொல் தவறினால் நாட்டுக்கே ஆகாது என்றார் தளபதி. வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். ஆவுடையானுக்கு நடுகல்லும் தயாரானது. அவனே போய்ப் பார்த்தான். அகன்ற மார்பு, முறுக்கு மீசை, தொப்பையைக் காணவே காணோம்.

"ஐயா சிற்பி, இந்தக் கல்லில இருக்கிறவன் கட்டாயம் தலையைக் கொடுப்பான். ஆனா இது நான் இல்லையே!"

"தொப்பையோட செதுக்கினா யாருங்க சாமின்னு கும்பிடுவாங்க?" என்றான் சிற்பி.

வீட்டில் மனைவி உலகம்மை அழுதுகொண்டே திட்டினாள். "முள்ளு குத்தினா ஊரைக் கூட்டுற ஆளு, தலையைக் கொடுக்கறாராம் தலையை! கதையையாவது என்னைக்காவது முழுசா சொல்லியிருக்கீங்களா? சங்கிலி விழுந்தா எழுந்து வந்துடுவீங்க!"

ஆவுடையானுக்குச் சுரீரென்று உறைத்தது. அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் மேளம் முழங்கியது. கன்னத்தில் ஒத்தடத் துணியைக் கட்டிக்கொண்டு ராஜா நின்றார். ஆவுடையான் கையில் வாளைக் கொடுத்தார்கள். ராஜாமேல் அவனுக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு. தன் கழுத்துமேல் கொஞ்சம் கூடுதல் பிரியம், அவ்வளவுதான்.

"மகாராஜா, தலை போனப்புறம் வாய் இருக்காது. மீதிக் கதையை இப்பவே சொல்லிடறேன்."

"மீதி வேற இருக்கா?"

"நீங்க எங்க கேட்டீங்க? காவலன் தலை விழுந்ததும் ராஜா ஓடி வர்றார். 'எனக்காக உயிரைக் கொடுத்தவனே போயிட்டான், எனக்கு எதுக்கு உயிர்'னு அதே வாளை எடுத்துத் தன் கழுத்தில வைக்கிறார். அப்புறம்தான் கொற்றவை மனசு இரங்கி நோயைத் தீர்க்கிறா. அதுவரைக்கும் அவ அசையறதே இல்லை."

ராஜாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "வாளை வச்சதுமே வந்துடுவாளா?"

"கொஞ்சம் அறுத்தப்புறம்தான் வந்தான்னும் சொல்றாங்க. எதுக்கும் தளபதி பக்கத்திலேயே நிக்கட்டும். என் கையிலருந்து வாள் விழுந்ததும் எடுத்து உங்களுக்கு நீட்ட ஆள் வேணுமில்லையா?"

மேளம் நின்றுவிட்டது. தளபதி மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

"ஆவுடையா, வெறும் பல்வலிதானேடா!" என்றார் ராஜா.

"நானும் ஒரு வாரமா அதையேதான் நினைச்சுட்டிருக்கேன் மகாராஜா."

ராஜா அவனை முறைத்துப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. இந்தப் பின்பாதி கதையில இருக்கிறதா, இப்ப நீயா கட்டினதா?"

"இதென்ன கேள்வி மகாராஜா? முன்பாதியே நான் கட்டினதுதான்!"

ராஜா ஒரு கணம் திகைத்தார். தன் கட்டுக்கதையில் தானே மாட்டிக்கொண்டு, கையில் வாளோடு வியர்த்து நிற்கும் அந்தத் தொப்பையைப் பார்த்தார். பொங்கி வந்தது சிரிப்பு. கட்டியிருந்த துணி அவிழச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கடைவாய்ப் பல் கழன்று சன்னிதியில் விழுந்தது. கொற்றவை தனக்கு வேண்டிய காணிக்கையை எடுத்துக்கொண்டாள் என்று பூசாரி தீபாராதனை காட்டிவிட்டார். பழக்கதோஷத்தில் ராஜா சங்கிலியைக் கழற்றினார்.

"இந்தத் தடவை தளபதிக்குப் போடுங்க மகாராஜா. வெட்டுப்பட்டவர் அவர்தான். எனக்குச் சங்கிலியைவிடக் கழுத்து முக்கியம்" என்றான் ஆவுடையான்.

"அது சரி, செதுக்கின நடுகல்லை என்னடா பண்றது?"

"பல்லை அதுக்குக் கீழே புதைச்சுடுங்க மகாராஜா. நாங்க எல்லாரும் உங்களுக்காக உயிரை விடுறதாச் சொன்னோம். நிஜமா விட்டது அது ஒண்ணுதான்."

ராஜா மறுபடி சிரிக்கப்போய், மிச்சமிருந்த விசுவாசிகளை நினைத்து வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.