ஒச்சப்பன் உட்கார்ந்த குழி

முசுட்டுப்பட்டியில் ஒரு பிள்ளையைத் தரையில் விட்டால் ஊரே சண்டைக்கு வந்துவிடும். இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து அடுத்த வீட்டு இடுப்புக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். சிலம்பாயியின் மகன் வயது ஒன்று முடிந்தும் நிற்கவில்லை. ஏன் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிள்ளை நடக்காமலே போய்விடுமோ என்று பாவம், அவள் சோறு தண்ணி இறங்காமல் அழுதாள்.

அந்தப் பக்கம் வந்த வளையல் வியாபாரி, கடலுக்கு அப்பால் ஓர் ஊரில் தான் கண்டதைச் சொன்னார். அங்கே குழி தோண்டிப் பிள்ளையை உட்காரவைத்து, சாயாமல் இருக்க இடுப்புவரை மண் அணைப்பார்களாம். சீக்கிரமே நடந்துவிடுமாம்.

ஊர் கூடி யோசித்தது. காது குத்தினாலும் மொட்டை போட்டாலும் தாய்மாமன் மடியில்தான். இதற்கு மட்டும் பிள்ளையை வெறும் மண்ணில் வைத்தால் மாமனுக்கு என்ன மரியாதை? ஆகவே சிலம்பாயியின் அண்ணன் ஒச்சப்பன் புது வேட்டி, தலைப்பாகையோடு குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இடுப்புவரை மண்ணைத் தள்ளி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மிதித்தார்கள். பிறகுதான் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள்.

"மடியக் காணோமேப்பா" என்றார் ஊர் அம்பலக்காரர்.

"கொண்டாந்துதான் உக்காந்தேன். உள்ளதான் இருக்கணும்" என்றான் ஒச்சப்பன்.

"தோண்டிப் பிள்ளைய வச்சு மூடிருவமா?"

"மூடுனா பிள்ள நடக்குறத எப்பிடிப் பாக்குறது?"

சிக்கலான கேள்விதான். எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். பிள்ளையை வைத்திருந்தவரும் சொறிய வேண்டியிருந்ததால் அதைக் கீழே விட்டார். அது தவழ்ந்து போய் மாமன் காதைப் பிடித்து எழுந்து, தள்ளாடித் தள்ளாடி அம்மாவிடம் நடந்தது. சிலம்பாயி பிள்ளையை அள்ளிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, அண்ணனை வெளியே எடுக்கச் சொன்னாள்.

அம்பலக்காரர் தடுத்தார். "மாமன உக்கார வச்சதாலதான ஆத்தா பிள்ள எந்திருச்சான்? மாமன எந்திரிக்க விட்டா அவன் உக்காந்துருவானே."

மறுவருஷம் வியாபாரி வந்தபோது, வாசலுக்கு வாசல் ஒரு தாய்மாமன் இடுப்பளவு மண்ணில் மோர் குடித்துக்கொண்டிருந்தான். ஓர் இளவட்டத்திடம், அவன் மருமகனுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்.

"தங்கச்சிக்கு இனிமேத்தான் மாப்பிள்ள பாக்கணும். பிறக்கும்போதே பய நடந்து வரட்டுமேன்னு உக்காந்திருக்கேன்" என்றான் அவன்.