பேச்சித்தாய் கேட்ட கேள்வி

அநியாயம் நடந்தது ஒன்பதாம் வகுப்பு பேச்சித்தாய்க்கு. கேள்வி கேள் என்றார்கள், கேட்டாள், கேட்டதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு அப்பாவோடு வந்து டி.சி.யை வாங்கிக்கொண்டு போ என்றும் சொல்லியாயிற்று.

அந்த அரசு உயர்நிலைப் பள்ளி புதிய பாடத்திட்டத்துக்குத் தயாரா என்று பார்க்கப் பேராசிரியர் எஸ்தரும் அவருடைய ஆய்வு மாணவி அங்கயற்கண்ணியும் வந்திருந்தார்கள். புதிய பாடத்திட்டத்தில் பிள்ளைகள்தான் கேள்வி கேட்க வேண்டுமாம். அதனால் தலைமையாசிரியர் கோமதிநாயகம் முந்தின நாளே ஆளுக்கொரு கேள்வி கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்திருந்தார். பேச்சித்தாய்க்குக் கிடைத்தது, 'இலை ஏன் பச்சையாக இருக்கிறது?'

மேசைமேல் பளபளவென்று ஒரு மைக்ராஸ்கோப். அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தவள் வேறொன்றைக் கேட்டுவிட்டாள்.

"சார், இது நாளைக்கும் இங்க இருக்குமா?"

கொஞ்ச நேரம் கழித்து, வராந்தாவில், அங்கயற்கண்ணி தனக்குக் கொடுத்த இளநீரைத் தொடவில்லை.

"அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பினப்போ நீங்க ஒண்ணுமே சொல்லலை, மேடம்."

"சொல்லலை."

"இளநீரையும் குடிச்சிட்டீங்க."

"தாகம்."

பேராசிரியரும் இவர்கள் பக்கம்தானோ என்று அங்கயற்கண்ணிக்குச் சந்தேகம் வலுத்தது. "சரி, இந்தப் பள்ளி தயாரா?"

"நீ என்ன நினைக்கிற?"

"தயாரில்லை. கேட்டைத் தாண்டும்போதே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சதை ஏன் கேக்கிற?"

"நீங்க சொல்றீங்களான்னு பார்க்கத்தான்."

"அப்ப அது கேள்வி இல்லை. பரீட்சை."

 

பேராசிரியர் எழுந்து வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அங்கயற்கண்ணியும் பின்னாலேயே போனாள்.

"பிள்ளைங்க நல்லாவே கேட்டாங்க, சார். இப்ப நீங்க அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க."

கோமதிநாயகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒளிச்சேர்க்கைன்னா என்ன?"

"இதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியுமே."

"தெரியாமலா கேப்பேன், மேடம்?"

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு கேளுங்க."

தலைமையாசிரியர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. சாக்பீஸை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார்.

"தெரியாததைக் கேட்டா பிள்ளைங்க முன்னால மரியாதை என்ன ஆகும்?"

"வாசல்ல நிக்கிறவ கேட்டாளே. அவளுக்குத் தெரியாது; கேட்டா. உங்களுக்குத் தெரியும், இன்னும் சொல்லலை."

வகுப்பு மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது. பேச்சித்தாய் துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அங்கயற்கண்ணி மட்டும் தலைமையாசிரியரின் முகத்தையே பார்த்தாள். எந்தப் பொய் வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

அவர் சாக்பீஸை வைத்தார். மைக்ராஸ்கோப்பின்மேல் உறையைப் போட்டு மூடினார்.

"உள்ள வந்து உக்காரு, தாயி. அப்பாவைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

அவள் வாசலைத் தாண்டி வந்தாள். ஆனால் உட்காரவில்லை.

"இருக்குமா, சார்?"

"இருக்காது. மத்தியானம் இவங்க இன்னொரு பள்ளியைப் பார்க்கப் போறாங்க. அதுக்கு முன்னால இது அங்க போய்ச் சேரணும்."