நீ முதலில் சாப்பிடு

பல தலைமுறைக்கு முன்னால், இன்று பெயரே மறந்துபோன ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். அவரை விடுங்கள், கதை அவரைப் பற்றியது இல்லை. அவர் சாப்பிடும் முன் எல்லாப் பண்டத்திலும் ஒரு வாய் தின்று, விஷம் இல்லை என்று காட்டிய சாத்தையாவைப் பற்றியது.

நாற்பது வருஷம் அந்த வேலை. சமைப்பவனைச் சந்தேகப்படு, பரிமாறுகிறவனைச் சந்தேகப்படு, சிரித்துக்கொண்டு வருகிறவனை இரண்டு மடங்கு சந்தேகப்படு. இதுதான் அவர் கற்ற வித்தை. வயதானதும் அரண்மனை அவரை அனுப்பிவிட்டது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பழகியவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆற்றங்கரைக் குடிசையில், பேச ஆளில்லாமல் பல்லியோடு பேசிக்கொண்டிருந்தார் பாவம்.

பக்கத்துக் குடிசையில் வேம்பன் என்ற வயதான ஓடக்காரர். அவரும் தனிக்கட்டை. முதல் நாள் ஒரு சட்டி மீன் குழம்பு கொண்டுவந்தார். சாத்தையா சட்டியையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பின் தெரியாதவன், எதற்குக் கொண்டுவருகிறான்?

"நீ முதல்ல சாப்பிடு" என்றார்.

வேறொருவராக இருந்தால் சட்டியோடு திரும்பியிருப்பார். வேம்பன் சிரித்தார், சாப்பிட்டார். உடனே தொட்டுவிடுவாரா நம் ஆள்? நிழல் ஒரு சாண் நகரும்வரை வேம்பனின் நகத்தையும் நாக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை சும்மா இருக்க முடியாமல் வேம்பன் ஆற்றுக் கதை பேசினார்.

இரண்டாம் நாள் கிழங்கு. அதே சோதனை, அதே கதை. மூன்றாம் நாள் சுட்ட கத்தரிக்காய்க் கடைசல். சாத்தையா விரலைக்கூட விடாமல் நக்கினார். பிறகு தினமும் கத்தரிக்காய்தான். தினமும் முதல் வாய் வேம்பனுக்குத்தான்.

ஒருநாள் வேம்பன் கையைச் சொறிந்தார். மறுநாள் கழுத்தைச் சொறிந்தார். அதற்கு மறுநாள் உதடு தடித்திருந்தது.

'ஆகா, மெல்லக் கொல்லும் விஷம்! தானும் தின்று பழகிக்கொள்கிறான்' என்று சாத்தையா அன்றைய சட்டியைக் கோழிக்குக் கொட்டினார். கோழி தின்றுவிட்டு, இன்னும் கேட்டது.

அதன்பின் மூன்று நாள் வேம்பன் வரவில்லை. குட்டு உடைந்ததும் ஓடிவிட்டான் என்று நினைத்தார் சாத்தையா. ஆனாலும் நிழல் நகரும் நேரத்தில் வாசலையே பார்த்தார். அழுகை வந்தது. அதுவும் விஷத்தின் வேலையோ என்று சந்தேகப்பட்டார்! ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கம்போடு கிளம்பினார்.

வேம்பன் உடம்பெல்லாம் தடித்துப் பாயில் கிடந்தார்.

"கத்தரிக்கா எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாதுங்கய்யா."

"அப்புறம் எதுக்குய்யா தின்னே?"

"நான் தின்னாத்தானே நீங்க தின்னுவீங்க? உங்களுக்கு அதுதான் பிடிக்குது. எனக்கும் பேச ஒரு ஆளு வேணுமில்ல?"

கம்பு கீழே விழுந்தது. கூலி வாங்கிக்கொண்டு தான் செய்த வேலையை இந்த மனுஷன் தனக்காகச் சும்மா செய்திருக்கிறான் என்று சாத்தையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் தலை குனிந்தார்.

அங்கேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார். பழக்கதோஷம், முதல் வாயைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். வேம்பன் கையை நீட்டினார்.

"குடுங்கய்யா, பசிக்குது."

வாங்கினார். முகர்ந்துகூடப் பார்க்காமல் மிச்சமில்லாமல் குடித்தார்.

நாற்பது வருஷத்தில் அந்த ராஜாகூட சாத்தையாவின் கையிலிருந்து அப்படி வாங்கிச் சாப்பிட்டதில்லை.

ஆகவே, கேட்டுக்கொண்டிருப்பவர்களே, வயதான காலத்தில் வாசலுக்கு வரும் மனிதரைச் சோதித்துக்கொண்டே இருந்தால் விஷத்துக்குத் தப்பிவிடலாம், நண்பனைத்தான் இழந்துவிடுவோம்.